டர்பன்ல ஒரு கம்யூனிட்டி ஆர்ட்ஸ் சென்டர் மெம்பர்ஷிப்: காசுக்கு வொர்த்தா?

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்குப் புதுசா வர்ற நம்மாளுங்க, குறிப்பா உம்லாங்கா பக்கம் வேலைக்கு வர்றவங்க, வீக்எண்டுன்னா கேட்வே மால், அது போரடிச்சா பீச், அதுவும் போரடிச்சா கோயில்னு சுத்திட்டு "இந்த ஊர்ல வேற ஒண்ணுமே இல்லங்க"ன்னு புலம்புறதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு. அதான் 2018ல இருந்து நான் மெம்பரா இருக்கிற ஒரு ஆர்ட்ஸ் சென்டர் பத்தி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பேரு போட மாட்டேன், ஏன்னா பாராட்டுற அளவுக்குத் திட்டவும் போறேன், அங்க இருக்கிற பாதிப் பேரு எனக்குப் பழக்கம் வேற.

முதல்லயே சொல்லிடறேன். எக்சிபிஷன் பார்க்கணும், அவ்ளோதான்னா இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் மெம்பர்ஷிப் காசு கட்டாதீங்க. சிட்டி ஹால் மாடில டர்பன் ஆர்ட் கேலரி இருக்கு, உள்ள போக காசே கிடையாது, அதே கட்டடத்துலயே இயற்கை அறிவியல் மியூசியமும் இருக்கு, டோடோ பறவை எலும்புக்கூடு, எகிப்து மம்மின்னு பசங்க ரெண்டு மணி நேரம் நம்மளைத் தொந்தரவு பண்ணாம சுத்துவாங்க. க்ளென்வுட்ல புல்வர் ரோட்டுல கேஇசட்என்எஸ்ஏ கேலரி இருக்கு, 1905ல ஆரம்பிச்ச கலைஞர்கள் சங்கம் அது, எக்சிபிஷன் பார்த்துட்டு அங்கயே காபியும் குடிக்கலாம். சும்மா பார்க்கிறதுக்கு இதெல்லாமே தாராளம்.

நான் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது வொர்க்ஷாப்புக்காக மட்டும்தான். அதுலயும் ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற ஒரு நாள் கூத்து, கையில ஒயின் கிளாஸோட எல்லாரும் ஒரே சூரிய அஸ்தமனத்தை வரைஞ்சு, ஒரே போஸ்ல போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போறது. ஆபீஸ் செட்டோட ஜாலியா போகணும்னா போங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதை வெச்சு இந்த சென்டரை எடை போடாதீங்க. இன்னொண்ணு ஆறு வாரம் எட்டு வாரம்னு இழுக்கிற கிளாஸ், ஒரு கைத்தொழிலை வாழ்நாள் பூரா செஞ்ச ஆளு எதிர்ல உக்காந்து சொல்லித்தர்றது. சரக்கு இதுலதான் இருக்கு.

வயர் பின்னல் கிளாஸைச் சொல்றேன். இந்த ஊர் ஏர்போர்ட்டு, கிஃப்ட் ஷாப்ல எல்லாம் கலர் கலரா சுழல் டிசைன்ல கிண்ணமும் தட்டும் பார்த்திருப்பீங்க, டெலிபோன் கேபிளுக்குள்ள இருக்குமே பிளாஸ்டிக் சுத்துன மெல்லிசு செம்புக் கம்பி, அதுல பின்னினது. ஜூலுக்காரங்க (இந்தப் பகுதியோட பூர்வீக ஜனங்க) பீர்ப் பானையை மூடுறதுக்குப் புல்லுலயும் பனை ஓலையிலயும் பின்னுற மூடிக்கு இம்பெங்கேன்னு பேரு, அந்தப் பின்னல்தான் நகரத்துக்கு வந்து வயர்ல ஏறியிருக்கு. ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்தவங்க தூக்கம் வராம இருக்க, கிடைச்ச துண்டு வயரைத் தங்களோட கைத்தடியைச் சுத்திப் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படித்தான் இது வளர்ந்துச்சு. எலியட் ம்கிஸே மாதிரி ஆட்கள் அதைப் பெரிய கலையா ஆக்கினாங்க. டர்பனுக்கு வடக்கால இருக்கிற சியாண்டால வீட்டுக்கு வீடு இதைப் பின்னுறவங்க இருக்காங்க.

எங்களுக்குச் சொல்லித்தந்த பாபாவுக்கு (இங்க வயசானவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க) இங்கிலீஷ் கொஞ்சம்தான், எனக்கு ஜூலு பாஷைல சாவுபோனாவுக்கு (வணக்கம்) மேல தெரியாது, ஆனா அது ஒரு பிரச்சனையாவே இல்ல. அவர் செஞ்சு காட்டினது இதான்: கனமான கம்பியை நடுவுல நத்தை மாதிரி சுருட்டி ஆரம்பிச்சு, அதுமேல கலர் வயரைச் சுத்திக்கிட்டே வரணும், ஒவ்வொரு சுத்துலயும் முந்தின வரிசைக்குள்ள வயரை விட்டு இழுத்துக் கட்டணும், இழுப்பு கொஞ்சம் லூசானா தட்டு அப்பளமா நெளியும், அதிகமா இறுக்கினா கிண்ணமா மேல எழும்பிடும். அதாவது தட்டா கிண்ணமாங்கிறதை முடிவு பண்றதே விரலோட இழுப்புதான், அச்சு கிடையாது. இன்னொரு முறை இருக்கு, உள்ள கனக் கம்பியே இல்லாம வெறும் மெல்லிசு வயரையே ஒரு பாத்திரம் மேல கவுத்து வெச்சுப் பின்னுறது, அது இன்னும் கஷ்டம், நாங்க அதுவரைக்கும் போகல. டிசைனுக்கு பேப்பர் கிடையாது, எந்த வரிசைல எந்தக் கலர் எங்க மாறணும்னு எல்லாம் அவர் மண்டைக்குள்ள. நாங்க ஒரு வரிசை முடிக்கிறதுக்குள்ள அவர் பக்கத்துல பேசிக்கிட்டே பத்து வரிசை போட்டுடுவாரு, நம்ம கையைப் பார்த்து "காஹ்லே, காஹ்லே"ன்னு மட்டும் சொல்வாரு, பார்த்து நிதானமான்னு அர்த்தம். மூணாவது வாரம் விரல் நுனியெல்லாம் எரியும், ரசம் சாதம் பிசைஞ்சா தெரியும்.

அந்த கிளாஸ் ஓடிக்கிட்டு இருந்தப்பவே கீழ ஹால்ல வயர் கூடை எக்சிபிஷன் ஒண்ணு போட்டிருந்தாங்க. கிளாஸுக்கு முன்னாடி அதைப் பார்த்தப்ப "அழகா இருக்கு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன், அவ்ளோதான் சொல்லத் தெரிஞ்சுச்சு. ஒரு மாசம் கழிச்சு அதே ஹால்ல நின்னா, இதுல கலர் மாறுற எடத்துல முடிச்சே தெரியலையே எப்படி, இந்த விளிம்பை எப்படி மூடியிருக்காங்கன்னு ஒவ்வொரு கூடைகிட்டயும் கால் நின்னுடுது. எக்சிபிஷனும் வொர்க்ஷாப்பும் ஒரே சமயத்துல, ஒரே பொருள்ல, முடிஞ்சா ஒரே ஆளை வெச்சு நடந்தாதான் இந்த மாதிரி இடத்துக்கு அர்த்தமே இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. சென்டர் இதை எப்பவாவதுதான் செய்யுது, அதான் என் முதல் கோபம். பெரும்பாலும் ஹால்ல யாரோ ஒருத்தரோட அப்ஸ்ட்ராக்ட் பெயின்டிங், மாடில சம்பந்தமே இல்லாம பாடிக் துணிச்சாயக் கிளாஸ்.

ரெண்டாவது கோபம் லேபிள். அந்த எக்சிபிஷன்லயே பாதிக் கூடைக்குக் கீழ "ஜூலு வயர் கூடை"ன்னு மட்டும் போட்டிருந்தாங்க, செஞ்சவர் பேரு இல்ல. பெயின்டிங்னா பேரு, படிச்ச காலேஜ், எந்த நாட்டுல எல்லாம் வெச்சாங்கன்னு ஒரு பக்கத்துக்கு வரலாறு, கூடைன்னா இனத்தோட பேரு மட்டும் போதுமா? நானும் இன்னும் சிலரும் கேட்டோம், அப்புறம் பேரு போட ஆரம்பிச்சாங்க, ஆனா ஷாப்ல விக்கிற பொருள்ல செஞ்சவங்களுக்கு எவ்ளோ பங்கு போகுதுன்னு கேட்டா இன்னிக்கு வரைக்கும் நேரா பதில் வரல.

பானை கிளாஸ் என்னோட ஃபேவரிட். ஜூலுப் பானைக்கு சக்கரம் கிடையாது. மண்ணைத் திரிச்சு வளையம் வளையமா அடுக்கி, உள்ளயும் வெளியயும் தேய்ச்சு ஒண்ணாக்கணும். கொஞ்சம் காஞ்ச பிறகு ஆத்துக் கூழாங்கல்லால தேய்க்கணும், தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு வரும். சொல்லித்தந்த கோகோ (பாட்டி) அவங்க அம்மா வெச்சிருந்த கல்லையே கொண்டு வந்தாங்க, ஒரு பக்கம் வழுவழுன்னு தேஞ்சு போயிருந்துச்சு, எங்க யார் கையிலயும் அதைத் தரல, எங்களுக்கு வேற கல்லு. வெளிப்புறத்துல சின்னச் சின்ன மொட்டு மாதிரி புடைப்பு வெச்சு டிசைன் பண்றதுக்கு அமாசும்பான்னு பேரு. இந்த வேலையை உலகத்துக்குக் கொண்டு போனவங்கள்ல முக்கியமானவங்க துகேலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த நெஸ்டா நாலா, 2005ல இறந்துட்டாங்க, அவங்க அம்மா, பொண்ணுங்கன்னு குடும்பமே பானைக்காரங்க. பீர் வெச்சுக் குடிக்கிற உகாம்பா பானையை ஒரு தடவை சுட்டுட்டு, திரும்பப் புகை போட்டுக் கருப்பாக்குவாங்க. கருப்பு எதுக்குன்னு கேட்டதுக்கு, இதுல முன்னோர்களுக்கும் பீர் படைப்போம், அவங்களுக்கு இருட்டும் நிழலும்தான் பிடிக்கும்னாங்க கோகோ. எங்க பேட்ச்ல, டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்ல இருந்து வர்ற ஒரு ஆன்ட்டி இருந்தாங்க, அவங்க முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவரு, தமிழ்ல பாட்டும் சாப்பாட்டுப் பேரும் தவிர அதிகம் வராது, அவங்க உடனே "அப்போ எங்க மதுரை வீரனுக்கு நாங்க குடிக்கிறதுக்கு வெக்கிற மாதிரிதானே"ன்னாங்க, கோகோவும் அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க பாருங்க. அப்புறம் மெருகு ஏத்துறதுக்குக் கொழுப்பு தடவணும், இப்பல்லாம் ஷூ பாலிஷும் போடுறாங்கன்னு கோகோவே சொன்னாங்க, கூச்சமே படாம.

ஒரே குறை, சென்டர் காம்பவுண்டுக்குள்ள விறகு போட்டுத் திறந்தவெளில சுட முடியாது, பக்கத்து வீட்டுக்காரங்க புகைன்னு கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்களாம். கரண்ட் கில்ன்ல (மின்சாரச் சூளைல) சுட்டா அந்தக் கருப்பு வராது. கோகோ எங்க பானைகளை அவங்க ஊருக்கு எடுத்துட்டுப் போய்ச் சுட்டுட்டு வந்தாங்க, சிலது விரிசல் விட்டு வந்துச்சு, அது இந்த வேலைல சகஜம்.

லினோகட் கிளாஸ் பசங்களோட போறவங்களுக்கு நல்லது, பன்னெண்டு வயசுக்கு மேலன்னா. லினோலியம் பலகையை உளியால செதுக்கி, மிச்சம் நிக்கிற மேடுல மை தடவி பேப்பர்ல ஒத்தி எடுக்கிறது. இந்த நாட்டுல அதுக்குப் பெரிய வரலாறு இருக்கு. 1960கள்ல கறுப்பின மக்களுக்கு ஆர்ட் காலேஜ் கதவெல்லாம் கிட்டத்தட்ட மூடியே இருந்த காலத்துல, இந்த மாகாணத்துலயே ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்ங்கிற எடத்துல லூத்தரன் சபை நடத்தின சென்டர்லதான் அசாரியா ம்பாதா, ஜான் முவாஃபாங்கேஜோ மாதிரி ஆட்கள் லினோகட் பண்ணாங்க. முவாஃபாங்கேஜோ படத்துக்குள்ளயே வரி வரியா எழுத்தும் செதுக்குவாரு. அதைப் பார்த்துட்டு என் பையனுக்குத் தமிழ்ல எழுத்து செதுக்கணும்னு ஆசை வந்துருச்சு. பிரின்ட் எடுத்தா எழுத்து தலைகீழா, அதாவது இடம் வலம் மாறி வரும், அதனால டிரேசிங் பேப்பர்ல எழுதித் திருப்பிப் போட்டு நகல் எடுக்கச் சொல்வாங்க. இங்கிலீஷ் பசங்களுக்கு அது சுலபம், நம்ம ழ வளைவை உளில திருப்பிக் கொண்டுவர்றதுக்குள்ள பையனுக்கு வேர்த்துருச்சு. லினோவைக் கொஞ்ச நேரம் வெயில்ல வெச்சு சூடு பண்ணிட்டுச் செதுக்கினா வெண்ணெயா வெட்டும், இது இலவச டிப்ஸ். உளி போற திசைல இன்னொரு கை இருக்கவே கூடாது, இதை வீட்டுலயே பசங்களுக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு வருஷம் கப்பல்ல வந்த நம்ம ஜனங்களைப் பத்தி எக்சிபிஷன் வெச்சாங்க. 1860 நவம்பர் 16 ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து சேர்ந்ததுல தொடங்கி, 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல ஒப்பந்தக் கூலிகள் வந்திருக்காங்க. கப்பல் பதிவேட்டுல ஆளுக்கு ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதியிருக்கு. சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி அவங்க முப்பாட்டன் நம்பரை ஒரு துண்டு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வெச்சிருப்பாங்க, கிராமம் பேரை வெள்ளைக்காரன் காதுல விழுந்த மாதிரி எழுதி வெச்சதுல அது தஞ்சாவூர்ப் பக்கமா ஆற்காட்டுப் பக்கமான்னே கண்டுபிடிக்க முடியல, நாங்க ரெண்டு பேரும் மேப்பை வெச்சுக்கிட்டு மண்டையை உடைச்சோம். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, பேனல்ல தமிழ்த் தலைப்பைப் பார்க்கிற வரைக்கும். டிசைன் பண்ணின சாஃப்ட்வேர் தமிழைக் கடிச்சுத் துப்பியிருந்துச்சு, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு நிக்குது, புள்ளி வட்டத்துக்குள்ள தனியா மிதக்குது, ஒருத்தராலயும் படிக்க முடியாது. அங்க வேலை செய்யுற பொண்ணுகிட்ட சொன்னேன், "ரொம்ப அழகா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களே"ன்னு முழிச்சுது பாவம். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டாம பிரின்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் சரியா டைப் பண்ணி படமா அனுப்பினேன், திரும்ப அடிச்சு ஒட்டினாங்க, அதுக்குள்ள ஓப்பனிங் முடிஞ்சு போச்சு.

மத்த தொல்லைகள். 2022, 2023ல லோட் ஷெட்டிங் (முறை வெச்சு வர்ற மின்வெட்டு) உச்சத்துல இருந்தப்ப சாயங்காலக் கிளாஸெல்லாம் நாறிப்போச்சு, கில்ன் பாதி சூட்டுல நின்னு போய்ப் பானையெல்லாம் வீணாச்சு, டார்ச் வெளிச்சத்துல லினோ செதுக்க விட மாட்டாங்க, சரியும்தான். 2024 மார்ச்சுக்கு அப்புறம் அந்தத் தலைவலி பெரும்பாலும் போயிடுச்சு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணி வராம மண் வேலையே ரொம்ப நாள் நின்னுச்சு. டர்பன் காத்துல இருக்கிற ஈரத்துக்கு டிசம்பர், ஜனவரில பானையும் காயாது மையும் காயாது, அதனால அந்த ரெண்டு கிளாஸையும் ஜூன், ஜூலைல எடுங்க. கடைசி நேரத்துல கிளாஸை கேன்சல் பண்ணிட்டுக் காசைத் திருப்பித் தராம "கிரெடிட்" கொடுக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு, அந்த கிரெடிட்டுக்கு காலாவதித் தேதியும் உண்டு, மெயில்ல எழுதி வாங்கிக்கோங்க. சின்னப் பசங்க ஹாலிடே கிளாஸ் சுமார்தான், அட்டையில பசை ஒட்டுறதை வீட்டுலயே பண்ணிக்கலாம்.

மெம்பரானா வொர்க்ஷாப்புக்குத் தள்ளுபடி உண்டு, வருஷத்துல ரெண்டு நீளக் கிளாஸ் எடுத்தாலே போட்ட காசு வந்துடும், அதுக்கும் குறைவா எடுப்பீங்கன்னா மெம்பர் ஆகாம நேரா பணம் கட்டிட்டுப் போறது லாபம். வயர், பானை ரெண்டும் அறிவிச்ச அன்னிக்கே ஃபுல் ஆயிடும், நோட்டீஸ் போர்டை நம்பாதீங்க, வரவேற்பறைல கேட்டு வாட்ஸ்அப் லிஸ்ட்ல சேர்ந்துக்கோங்க. சனிக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள போனாதான் வாசல்லயே பார்க்கிங், இல்லன்னா தெருவுல, அங்க கார் பார்த்துக்கிறவருக்குக் கொடுக்கச் சில்லறை ரேண்ட் வெச்சுக்கோங்க.