பழ கட்டர் செட்: மயில் தட்டுக்கு எது உதவும், எது உதவாது

கல்யாண வரவேற்பில் தர்பூசணியில் மணமக்கள் பெயரைச் செதுக்கி வைக்கும் ஆட்களின் கையைக் கவனித்தால், மெல்லிய கூர்முனைக் கத்தி ஒன்றுதான் இருக்கும். மீதி எல்லாம் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் தர்பூசணி வெட்ட வேண்டும். மே மாதத்தில் வீட்டில் ஒரு பிறந்தநாள், இருபது பேர் வருகிறார்கள், நடு மேஜையில் மயில் வடிவத்தில் ஒரு பழத்தட்டு வைக்க ஆசை என்பவர்களுக்காகத்தான் கட்டர் செட்டுகள் விற்கின்றன.

பாத்திரக் கடைகளிலும் ஆன்லைனிலும் பெரும்பாலும் பெயரே இல்லாமல், 300 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் செட்டில் வழக்கமாக இவை இருக்கும்: ஒரு முனையில் உருண்டை எடுக்கும் ஸ்கூப்பும் மறு முனையில் வி வடிவக் கத்தியும் உள்ள எஃகுத் தண்டு, தோலிலிருந்து சதையைப் பிரிக்கும் வளைந்த தகடு, துண்டு எடுக்கும் இடுக்கி, தனியாக வட்டம், பூ, நட்சத்திரம், இதய வடிவ கட்டர்கள். இவற்றில் காசுக்கு முழுதாக உழைப்பவை ஸ்கூப்பும் வட்ட கட்டர்களும்தான். வி கத்தி பாதி வேலை செய்யும். மற்றவை டப்பாவை நிரப்ப வைத்தவை.

ஸ்கூப்பிலிருந்து தொடங்கலாம். 22, 25, 30 மி.மீ. அளவுகளில் வரும். ஒன்றுதான் வாங்குவதென்றால் 25 மி.மீ. எடுங்கள். அதில் வரும் உருண்டை சுமார் 8 கிராம். ஒரு வாய்க்குச் சரியான அளவு. 30 மி.மீ. உருண்டை 14 கிராம் வந்துவிடும், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பு நகத்தில் தேய்த்தால் சுரண்ட வேண்டும். வழவழவென்றிருந்தால் பழத்தை வெட்டாது, நசுக்கும். கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் காற்று உள்ளே மாட்டி, உருண்டை வெளியே வராமல் உறிஞ்சிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, தண்டும் கிண்ணமும் சேரும் கழுத்து. கட்டை விரலால் அழுத்தும்போது அங்கே வளைந்தால் இரண்டாவது அன்னாசியிலேயே கோணிவிடும்.

பலரும் செய்யும் தவறு, ஐஸ்கிரீம் அள்ளுவதுபோல் சாய்த்து அள்ளுவது. அப்படிச் செய்தால் ஒரு பக்கம் தட்டையான அரை உருண்டைதான் கிடைக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் பழத்தில் படும்படி நேராக அழுத்துங்கள். ஓட்டை வழியே சாறு எட்டிப் பார்க்கும். அதுதான் ஆழம் சரி என்பதற்கு அடையாளம். அதன் பிறகு அழுத்தத்தை விடாமல் ஒரு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். அடுத்த உருண்டையை முந்தைய குழியை ஒட்டி எடுக்காமல் அரை செ.மீ. தள்ளி எடுங்கள். ஒட்டி எடுத்தால் ஒரு பக்கம் சதையே இருக்காது, உருண்டை வெட்டுப்பட்டதுபோல் வரும். ஒரு கிலோ தர்பூசணிச் சதையில் 60 உருண்டை தேறும். மிச்சம் ஏறக்குறையப் பாதி ஜூஸுக்குப் போகும். இந்தக் கழிவைக் கணக்கில் எடுக்காமல் பழம் வாங்குபவர்களுக்குத்தான் கடைசி நேரத்தில் தட்டில் ஓட்டை விழுகிறது.

வி கத்தியைப் பற்றி டப்பாவின் மேலுள்ள படம் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. படத்தில் ஒரு முழு தர்பூசணி பல் பல்லாகப் பிளந்து நிற்கும். நான்கு கிலோ தர்பூசணியின் குறுக்களவு சுமார் 20 செ.மீ.; நடுவரை போக 10 செ.மீ. ஆழம் வேண்டும். கையில் உள்ள கத்தியோ நான்கு செ.மீ.தான். சுற்றிலும் குத்தி முடித்துவிட்டு இரு கையாலும் திருகினாலும் பழம் பிரியாது. பிரித்தால் நடுச்சதை பிய்ந்து வரும். அதே கத்தி கிர்ணிப் பழத்தில் அழகாக வேலை செய்கிறது. காரணம் எளிது: கிர்ணியின் நடு வெற்றிடம், மூன்று செ.மீ. சுவரை மட்டும் தாண்டினால் போதும். தர்பூசணியில் பல் விளிம்பு வேண்டுமென்றால் முதலில் சாதாரணக் கத்தியால் நேராகப் பாதியாக வெட்டி, சதையை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டின் விளிம்பில் வி கத்தியைப் போடுங்கள்.

கிர்ணியில் போடும்போது நடுவில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி அதைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு இல்லாமல் கண்மதிப்பில் போனால் சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு செ.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கும். ஒரு கிலோ கிர்ணியின் சுற்றளவு ஏறக்குறைய 40 செ.மீ.; கத்தியின் அகலம் இரண்டரை செ.மீ. என்றால் 16 பல். கடைசி நான்கு பல்லுக்கு முன் நிறுத்தி மீதித் தூரத்தை அளந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மி.மீ. கூட்டிக் குறைத்தால் சேருமிடம் தெரியாது.

வடிவ கட்டர்களில் நட்சத்திரத்தை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முனைகள் குறுகல்; தர்பூசணி அந்த இடுக்கில் மாட்டி, தள்ளும்போது ஐந்து முனையில் இரண்டு உடைந்துவிடும். பூ வடிவம் பரவாயில்லை, இதயம் கீழ் முனையில் மட்டும் சிரமம். வட்டம் எப்போதும் ஏமாற்றாது. மயில் தோகைக்கும் வட்டம்தான் வேண்டும்: ஒன்று 4 செ.மீ., ஒன்று இரண்டரை செ.மீ. கட்டருக்கு மேல் விளிம்பு மடித்தும் கீழ் விளிம்பு கூராகவும் இருக்கும். மடித்த பக்கம் உள்ளங்கைக்கு வர வேண்டும். தலைகீழாகப் பிடித்து அழுத்திக் கையை வெட்டிக்கொள்வது நிறைய நடக்கிறது. தகடு சேரும் இடத்தில் வெல்டிங் ஒரே புள்ளியாக இருந்தால் தவிர்க்கவும். அன்னாசியின் நடுத்தண்டு மேல் ஒருமுறை அழுத்தினால் வாய் பிளந்துகொள்ளும்.

இனித் தட்டுக்கு வருவோம். கருவி எப்படி என்பது தட்டில் வைத்தால்தானே தெரியும்.

இருபது பேருக்கு, தலைக்கு 150 கிராம் கணக்கில், நறுக்கிய பழம் மூன்று கிலோ வேண்டும். தர்பூசணி நான்கு கிலோவில் ஒன்று, கிர்ணி ஒரு கிலோவில் ஒன்று, செங்காய்ப் பப்பாளி ஒன்று, அன்னாசி ஒன்று, விதையில்லாத கறுப்புத் திராட்சை அரை கிலோ, மாதுளை ஒன்று போதும். மாம்பழம் சேர்ப்பதானால் பங்கனப்பள்ளி அல்லது அரைப் பழமான கிளிமூக்கு. இமாம் பசந்தும் மல்கோவாவும் வாயில் போட்டால் சொர்க்கம், ஆனால் கட்டருக்கு நிற்காது. அவற்றைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தர்பூசணியின் அடியில், மண்ணில் கிடந்த இடம் வெளுப்பாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும். பறித்த பிறகு தர்பூசணி பழுக்காது. முதல் நாள் இரவே எல்லாப் பழத்தையும் முழுதாகக் கழுவி, திராட்சை தவிர மற்றதைத் துடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த பழம் சுத்தமாக வெட்டுப்படும், நீரும் குறைவாக விடும். கிர்ணியின் வலைத் தோலைப் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் வெட்டவே கூடாது. அந்த வரிகளுக்குள் இருக்கும் மண்ணையும் கிருமியையும் கத்தியே உள்ளே இழுத்துச் செல்லும்.

தட்டு 40 செ.மீ. எவர்சில்வர் தாம்பாளம். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம், புளிப்புப் பழச்சாறு பித்தளையோடு வேலை செய்யும். தாம்பாளத்துக்குள் ஒரு தட்டையான தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வாழையிலை விரியுங்கள். தர்பூசணி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்; எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அரை மணியில் கசியும். கவிழ்த்த தட்டு இருந்தால் சாறு ஓரமாக வழிந்து கீழே தங்கும், அடுக்கு ஊறாது. அழகான தட்டு அரை மணியில் குளமாவதற்கு இந்த ஒரு ஏற்பாடு இல்லாததே பெரும்பாலும் காரணம்.

மயிலின் உடல் நீளவாக்கில் வெட்டிய பப்பாளிப் பாதி. விதை நீக்கி, பால் வடிந்தால் கழுவித் துடைத்து, தட்டின் முன்பக்கம் கவிழ்த்து வையுங்கள், குறுகிய முனை முன்னால். கழுத்தும் தலையும் தர்பூசணித் தோல். காகிதத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு மயில் கழுத்தை வரைந்து வெட்டி, தோல்மேல் வைத்துக் கூரான கத்தியால் சுற்றி வாருங்கள். சிவப்பைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், ஆனால் தோலும் வெள்ளையும் சேர்ந்து ஒரு செ.மீ. கனம் இருக்கட்டும். அதற்கு மெலிந்தால் தலை பத்தே நிமிடத்தில் குனியும். பல்குச்சி வேண்டாம், கூட்டத்தில் குழந்தைகள் இருப்பார்கள். பப்பாளியின் குறுகிய முனையில் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு வெட்டிக் கழுத்தை அதில் செருகினாலே நிற்கும். பிளவு தோலின் கனத்தைவிட ஒரு நூல் குறைவாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தர்பூசணி விதை, கொண்டைக்கு மூன்று கொத்தமல்லித் தண்டு.

தோகைதான் இந்தத் தட்டின் உயிர். தர்பூசணியை ஒரு செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, விதை வரிசையைத் தவிர்த்து 4 செ.மீ. கட்டரால் வில்லை எடுங்கள். ஒரு வட்டத்தில் எட்டு வரும். விதை இருக்கும் இடத்தில் எடுத்த வில்லை கையில் தூக்கும்போதே பிளக்கும். எடுத்த வில்லைகளைச் சுத்தமான பருத்தித் துணிமேல் பரப்பிப் பதினைந்து நிமிடம் விட்டால் வெட்டுவாயிலுள்ள சாறு துணிக்குப் போய்விடும். கிர்ணியை அரை செ.மீ. கனத்தில் சீவி இரண்டரை செ.மீ. கட்டரால் சின்ன வில்லை. சிவப்பு வில்லை, அதன்மேல் கிர்ணி, அதன்மேல் பாதியாக வெட்டிய கறுப்புத் திராட்சை, வெட்டுவாய் கீழே. கிட்டப் போய்ப் பார்த்தால் திராட்சையின் மேல் சாம்பல் படிந்ததுபோல் ஒரு நீலப் பூச்சு இருக்கும். துடைக்காமல் விட்டால் மயில்கண்ணின் அதே நிறம். அதனால் திராட்சையைக் கழுவிய பின் துணியால் தேய்க்காதீர்கள், வடிகட்டியில் தானாக உலரட்டும்.

இந்தக் கண்களை அரைவட்ட வரிசையாக அடுக்க வேண்டும். பப்பாளியின் பின் முனையை மையமாக வைத்து 17 செ.மீ. தள்ளி வெளி வரிசை, அதில் 13 கண். 12 செ.மீ. தள்ளி அடுத்தது, 9. உடலை ஒட்டி 8 செ.மீ. தள்ளி 6. மொத்தம் 28. வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். உள்ளிருந்து தொடங்கினால் கடைசி வரிசை தட்டுக்கு வெளியே தொங்கும். மேல் வரிசைக் கண்கள் கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேராக வந்தால்தான் விரிந்த தோகைபோல் தெரியும். இடைவெளியை உருண்டைகளாலும் மாதுளை முத்தாலும் நிரப்பி, வெளி ஓரத்துக்கு அன்னாசித் துண்டுகளை வையுங்கள். தொட்டுக்கொள்ளத் தயிரோ கிரீமோ வைத்தால் அன்னாசி அதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைக்கும், சற்று நேரத்தில் கசக்கும்.

ஆப்பிள் தவிர்க்கலாம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு கப் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, நறுக்கியதும் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துக் கடைசியாக வையுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், சாட் மசாலா எல்லாம் பக்கத்தில் கிண்ணத்தில்தான். முன்பே தூவினால் உப்பு பழத்திலிருந்து நீரை இழுத்து, தோகை சரிந்துவிடும்.

மாலை ஐந்து மணி விருந்துக்கு மூன்று மணிக்கு வெட்டத் தொடங்கி, நான்கு மணிக்கு அடுக்கி, மேலே கிளிங் ஃபிலிம் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். தட்டு உள்ளே போகுமா என்று முந்தின நாளே வெறும் தட்டை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கழுத்தைச் செருகாமல் வைத்தால் உயரம் மிச்சம். வெளியே எடுத்த பிறகு, 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயிலடிக்கும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்தான் கணக்கு, ஏ.சி. அறையில் இரண்டு மணி. தர்பூசணியிலும் கிர்ணியிலும் புளிப்பு இல்லாததால் கிருமி வேகமாகப் பெருகும். மீந்ததை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இந்த வேலை முழுவதிலும் செட்டின் வளைந்த தகடும் இடுக்கியும் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. சதையைப் பிரிக்கச் சாதாரணக் குழம்புக் கரண்டியே மேல். ஆக, 25 மி.மீ. ஸ்கூப் ஒன்றும் இரண்டு வட்ட கட்டர்களும் தனித்தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். கூர்முனைக் கத்தி ஒன்று நல்லதாக வாங்க மிச்சக் காசைப் போடுங்கள். மயிலின் கழுத்தை வெட்டியது அந்தக் கத்திதான், செட் அல்ல. தனியாகக் கிடைக்கவில்லை என்றால் செட்டாக வாங்குவதிலும் நஷ்டமில்லை, மரப் பிடி உள்ளதை மட்டும் விட்டுவிடுங்கள், ஈரத்தில் உப்பிப் பூஞ்சை பிடிக்கும்.

துரு முதலில் வருவது கட்டரின் வெல்டிங் மூட்டிலும் ஸ்கூப்பின் ஓட்டையிலும். எலுமிச்சை, உப்பு பட்டவற்றை அப்படியே சிங்க்கில் போடாமல் உடனே கழுவி, மூட்டில் துணியின் நுனியைச் செருகித் துடைத்து, அரை மணி வெயிலில் வைத்துவிட்டு டப்பாவில் போடுங்கள்.