ஸ்டார்டஸ்ட்: நாவலைவிடப் படம்தான் மேல்

நீல் கெய்மனின் 'ஸ்டார்டஸ்ட்' நாவலை ரொம்ப எதிர்பார்த்துப் படித்தேன், ஏமாற்றம்தான். வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரம் ஒரு பெண், அவள் இதயத்தை அறுத்தெடுத்து இளமையை மீட்கச் சூனியக்காரி ஒருத்தி துரத்துகிறாள் என்று எவ்வளவு அருமையான கரு! ஆனால் கடைசியில் இருவரும் சந்திக்கும்போது, அந்த இதயத்தை ஏற்கெனவே காதலனுக்குக் கொடுத்தாயிற்று என்று தெரிந்ததும் கிழவி வெறுங்கையோடு போய்விடுகிறாள், அவ்வளவுதான். காதலர்கள் இருவரும் போகும் பறக்கும் கப்பல் பயணமும் சட்டென்று முடிந்துவிடுகிறது. மொழி அழகு, அதை மறுக்கவே மாட்டேன். காதலனான கதாநாயகன் இறந்தபின் நட்சத்திரப் பெண் தனியே ஆள்வதாக வரும் முடிவும் மனதைப் பிசைகிறது.

அப்புறம் 2007இல் மேத்யூ வான் எடுத்த படம். கப்பல் தலைவனாக ராபர்ட் டி நீரோ வரும் பகுதியை நீட்டியிருக்கிறார், காதல் அங்கேதான் நம்பும்படி வளர்கிறது. சூனியக்காரியாக வரும் மிஷெல் ஃபைஃபர் மந்திரம் போடப் போட மூப்பு திரும்பி வருவதைப் பார்க்கும்போது, புத்தகத்தில் எனக்கு வராத பயம் இங்கே வந்தது.