ஜன்னல் ஆடினால் பூகம்பமா? வீட்டு அதிர்வுமானியோடு ஏழு மாதம்

சுரங்கத்திலிருந்து ஐந்து கிலோமீட்டரில் குடியிருப்பவர்களுக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். பக்கத்து வீட்டுக்காரர் "பூகம்பம்" என்பார், நான் "வெடி வைத்திருப்பார்கள்" என்பேன். நிலநடுக்கமே வராத பகுதி என்று பெயரெடுத்த இடம், அதனால் அவர் பேச்சு எடுபடாது. இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் கருவி வாங்கினேன். சின்னக் கணினிப் பலகையின் மேல் ஒரு ஜியோபோனை, அதாவது தரை அசைவை மின்சாரச் சைகையாக்கும் உணரியைப் பொருத்தி, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த வகை. தரையின் மேல்கீழ் அசைவை மட்டும் விநாடிக்கு 100 தடவை பதியும்.

முதல் வாரம் மாடி அலமாரியில் வைத்துவிட்டுக் கருவியைத் திட்டினேன். கதவைச் சாத்தினால் பதிகிறது, பேரன் ஓடினால் பதிகிறது. தப்பு என்னுடையது. தரைத்தளத்தில், வெறும் சிமென்ட் தரையில், ஒரு மூலையில் வைத்து, நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது உருப்படியாக வேலை செய்தது. துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் இன்றும் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த வேக அதிர்வு எப்போது வந்தது என்று காட்டும் படம்) தடித்த கோடு போடுகிறது.

சரி, வழக்குக்கு வருவோம். ஒவ்வொரு வெடிக்கும் திரையில் இரண்டு கொத்து கோடுகள் தெரிந்தன. முதலாவது சின்னது. ஏறக்குறைய 15 விநாடி கழித்து இன்னொன்று. கருவி கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன்: பாறை வழியாக அதிர்வு விநாடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும், ஒரு விநாடிக்குள் வந்துவிடும். காற்றில் சத்தம் விநாடிக்கு 340 மீட்டர்தான். ஐந்து கிலோமீட்டருக்கு 15 விநாடி. ஜன்னலை ஆட்டியது தரையே இல்லை, காற்று! இத்தனை வருஷம் நாங்கள் இருவரும் சண்டை போட்டது அதை வைத்துத்தான். இப்போது பக்கத்து வீட்டுக்காரரும் திரையைப் பார்த்துக்கொண்டே விரல்விட்டு எண்ணுகிறார்.

ஆனால் அவர் முழுக்கத் தோற்கவில்லை. ஒரு ஞாயிறு அதிகாலை இரண்டரைக்கு, வெடி வைக்காத நேரத்தில், ஒரு அதிர்வு பதிந்தது. முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் நடுவே மூன்று விநாடி இடைவெளி. இடைவெளியின் ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் தொலைவு என்பது கைக்கணக்கு. அப்படியென்றால் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில். எங்கள் சுரங்கம் என்றால் இடைவெளி அரை விநாடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எஸ் அலையும் தடியாக இருந்தது, வெடியில் பெரும்பாலும் அப்படி இருக்காது. இயற்கை நிலநடுக்கமாகவே இருக்க வேண்டும். அமைதியான பகுதி என்பதற்கு அதிர்வே இல்லை என்று பொருளில்லை, அரிது என்றுதான் பொருள். மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதி நிலநடுக்க வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்து மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை 6.2 அளவில் ஆடி, ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

கருவி கைவிரித்தது மூன்றாவது வகையில். நள்ளிரவில் ஒன்று, இடைவெளி சுரங்கத் தொலைவுக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் அந்த நேரத்தில் வெடி கிடையாது. பாறையைத் தோண்டி எடுக்கும்போது அது தாங்கிய சுமை, தோண்டாமல் விட்ட பக்கத்துப் பாறைத் தூண்களுக்கும் பழைய பிளவுகளுக்கும் போகிறது. ஏதோ ஒன்று நழுவும், அல்லது நொறுங்கும். கிழக்கு ஜெர்மனியின் ஃபோல்கர்ஸ்ஹவுசனில் 1989 மார்ச்சில் பொட்டாஷ் சுரங்கத் தூண்கள் இடிந்தபோது 5.6 அளவுக்கு அதிர்ந்தது. ஸ்வீடனின் கிருனா இரும்புச் சுரங்கத்தில் 2020 மே 18 அதிகாலை 4.9. சுரங்கக் குடைவு இடிந்தால் முதல் அசைவு கீழ்நோக்கி வரும் என்பார்கள், வெடியென்றால் மேல்நோக்கி. என் பதிவில் கீழ்நோக்கித்தான் இருந்தது. துள்ளிக் குதித்தேன். ஆனால் சாதாரணப் பிளவு நழுவினாலும் சில திசைகளில் அப்படித்தான் வருமாம். நான்கு பக்கமும் நிலையங்கள் இருந்தால்தான் பிரித்துச் சொல்லலாம், ஆழமும் தெரியும். ஒற்றைப் பெட்டியால் ஆகாது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 1989 டிசம்பரில் 13 பேரைக் கொன்ற 5.6 அதிர்வுக்கு நிலக்கரிச் சுரங்கம் காரணமா என்று நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் எம்மாத்திரம்?

அதனால் இதன் பதிவைத் தூக்கிக்கொண்டு சுரங்க அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள். சுவர் விரிசலுக்கு நஷ்டஈடு கேட்பதென்றால் அதற்கு வேறு கருவி, வேறு ஆட்கள். தூரத்துப் பெரிய நிலநடுக்கங்களை ரசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது சுமார்தான். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனுக்கு, விநாடிக்கு 4.5 தடவைக்கும் குறைவாக ஆடும் மெதுவான அலைகள் சரியாகப் பிடிபடாது. அருகில் நடக்கும் குட்டி அதிர்வுகளுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

எரிச்சல்கள்: செல்பேசி எச்சரிக்கை, லாரி போனாலும் கத்துகிறது, முதல் நாளே அணைத்துவிட்டேன். இணையம் போனால் கடிகாரம் மெல்ல நழுவுகிறது. அலைகளின் இடைவெளிக்கு அது பாதகமில்லை, ஆனால் வெடி நேரத்தோடு ஒப்பிடும்போது குழப்பும். இதைவிட மோசம், ஒரு மின்வெட்டில் மெமரி கார்டு செத்து இரண்டு வாரப் பதிவு போயிற்று. வாங்கினால் கூடவே ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் உபரிக் கார்டும் வாங்கிவிடுங்கள். என் ஞாயிறு அதிகாலைப் பதிவு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரரின் பென் டிரைவில்.