ஒரு சா டூத், மூன்று லோ பாஸ் ஃபில்டர்

மாடுலர் சிந்தசைசருக்கு (தனித்தனிப் பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி) லோ பாஸ் ஃபில்டர், அதாவது கட்-ஆஃப் என்ற எல்லைக்கு மேலுள்ள சுரங்களைக் குறைக்கும் பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, ஸ்தாயிக்கு ஸ்தாயி குறைப்பது 12 டெசிபலா 24 டெசிபலா என்பதைத்தான். அந்த எண்ணை வைத்து ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பது என் கட்சி. என் பெட்டியில் டோப்ஃபர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஏ-120, ஏ-124, ஏ-101-2 மூன்றும் இருக்கின்றன. ஒரே ஆசிலேட்டரின் (மூல ஒலியை உண்டாக்கும் பெட்டி) சா டூத்தை, அதாவது ரம்பப் பல் வடிவ அலையை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்து ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கேட்டேன்.

ஏ-120 மூக் லேடர் வகை, ஸ்தாயிக்கு 24 டெசிபல். ராபர்ட் மூக் 1969-ல் காப்புரிமை பெற்ற அதே டிரான்சிஸ்டர் ஏணி. கட்-ஆஃப் அருகிலுள்ள சுரங்களைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைத் தொடாத வரை பேஸ் கனமாக, உருண்டு வருகிறது. ரெசனன்ஸைத் திருகினால் போச்சு, அடிப்பகுதி கரைந்துவிடும். இது பழுதில்லை, லேடரின் பிறவிக் குணம்: வெளியே வரும் ஒலியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி விடுவதால், தானாக ஊதத் தொடங்கும் கட்டத்தில் கணக்குப்படி கீழ்ச் சுரங்கள் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், அதாவது 14 டெசிபல் இழப்பு. மிக்சரில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏ-124 வேறு சாதி. 1978-ல் வந்த பிரிட்டிஷ் வாஸ்ப் சிந்தசைசரின் ஃபில்டர் வழி வந்தது. டிஜிட்டல் வேலைக்கென்று செய்த மலிவான இன்வெர்ட்டர் சிப்பைப் பிடித்து ஆம்ப்ளிஃபையராக வேலை வாங்கியிருக்கிறார்கள், அதுவும் முனகிக்கொண்டே செய்கிறது! 12 டெசிபல்தான், ஆனால் லெவலை ஏற்றிக் கொடுத்தால் ஒரு கரகரப்பு வரும் பாருங்கள், லேடரிடம் கெஞ்சினாலும் கிடைக்காது. நடுவில் ஒரு பட்டையை மட்டும் விடும் பேண்ட் பாஸ் அவுட்டை எடுத்து கட்-ஆஃபை மெல்ல ஆட்டினால் மோர்சிங் வாசிப்பவர் வாயைத் திறந்து மூடுவது போல இருக்கிறது. சுத்தமான ஒலி வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அப்புறம் ஏ-101-2, அமெரிக்க சிந்தசைசர் வடிவமைப்பாளர் டான் புக்லா பாணி லோ பாஸ் கேட், அதாவது ஒலியின் அளவையும் பளபளப்பையும் சேர்த்தே குறைக்கும் ஃபில்டர். உள்ளே வேக்ட்ரோல்: ஒரு எல்இடியும் ஒளிக்கு மசியும் ரெசிஸ்டரும் இருட்டுக் கூட்டுக்குள் எதிரெதிரே. விளக்கு அணைந்த பிறகும் ரெசிஸ்டர் நிதானமாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது, அதனால் ஒலி அடங்க அடங்க அதன் பளபளப்பும் சேர்ந்து மங்குகிறது, மரத்தையோ பானையையோ தட்டினால் ஆவது போலவே. ஒலி ஏறி இறங்குவதை வரையும் என்வலப் எதுவும் வேண்டாம், கன்ட்ரோல் வோல்டேஜ் துளையில் ஒரு குட்டி ட்ரிகரை (நொடிப்பொழுது மின் துடிப்பு) கொடுத்தால் போதும், "டொக்". இதே சா டூத்தா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஃபில்டரையே ஊதவைத்துச் சுருதி பிடித்து வாசிக்க இது உதவாது, வேக்ட்ரோல் அவ்வளவு துல்லியமில்லை, வேகமான பேஸ் வரிகளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் ஏ-101-2 பக்கம், ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ பெட்டியின் செலவும் மிச்சம். பேஸ்தான் உயிர் என்பவர்கள் ஏ-120 எடுங்கள். எதுவானாலும் கடையில் கேட்கும்போது ரெசனன்ஸைப் பாதிக்கு மேல் வைத்து, உள்ளே போகும் லெவலைக் கூட்டிக் குறைத்துக் கேளுங்கள், எல்லாம் நடுவில் இருக்கும்போது மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும்.