மும்பையில் இடம் விடுவார்கள், சென்னையில் ஊரைக் கேட்பார்கள்

மும்பையா சென்னையா என்று பேச்செடுத்தால் வாடகை, மழை, வடாபாவ், இட்லி என்று எங்கெங்கோ போய்விடும். ஒரு பெட்டியோடு தனியாக வந்து இறங்குகிறவருக்கு எந்த ஊர் கைகொடுக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டிலும் வருஷக்கணக்கில் குடியிருந்தவள் நான்.

மும்பையின் ஈரத்தைப் பார்க்க லோக்கல் ரயிலில் ஏற வேண்டும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் ஒண்டிக்கொள்வது அங்கே எழுதாத சட்டம். "தோடா சர்கோ" என்றால் போதும், மூன்று பேரும் முகம் சுளிக்காமல் நகர்வார்கள். லேடீஸ் பெட்டியில் இன்னொரு ஏற்பாடு. உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டுவைத்தால் அந்த இடம் நமக்கு ரிசர்வ். அவர் அந்தேரியில் எழும்போது, நம்மைத் தேடிக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்குவார். சாயங்கால வண்டியில் பட்டாணி உரிப்பார்கள், வெந்தயக்கீரை ஆய்வார்கள். தசராவுக்குப் பெட்டியில் தோரணம் கட்டுவார்கள். பெண்களுக்கென்றே முழு ரயிலை 1992லேயே விட்ட ஊர் அது.

எங்கள் பெட்டியில் ஓர் அம்மா இருந்தார். அவருடைய முட்டிவலி, மாமியார் சண்டை, மகளின் பத்தாம் வகுப்பு மார்க் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். வேலை மாறினாரா, உடம்புக்கு முடியவில்லையா? விசாரிக்கலாமென்றால் அவர் வீடு எந்தத் தெரு என்றுகூட ஒருத்திக்கும் தெரியவில்லை. (வாட்ஸ்அப் குழுவெல்லாம் வராத காலம்.) மும்பையின் அன்பு பிளாட்பாரத்தோடு சரி. வீட்டுக்குள் வராது. கிர்காவ் பக்கத்துப் பழைய சால்களில், அதாவது வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் இருக்கும் கட்டடங்களில், பொதுத் தாழ்வாரமும் திறந்த கதவுகளுமாக வேறு மாதிரி வாழ்ந்தார்கள். அவற்றை இடித்து எழுப்பும் மாடிக் கட்டடங்களில் லிஃப்டில் தலையசைப்பதோடு முடிந்துவிடுகிறது.

சென்னையில் நேர்மாறு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைப் பார்த்தபடியே வருவார். வீடு தேடிப் போனால் "ஃபேமிலிக்கு மட்டும்" என்று போர்டு. மும்பை சொசைட்டிகள், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், மட்டும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். கல்யாணமாகாதவர், கறி சாப்பிடுபவர் என்றால் அங்கேயும் பல இடங்களில் கதவு திறக்காது. ஆனால் சென்னையில் முதல் கேள்வியே "எந்த ஊரு?" என்பதுதான். "திருநெல்வேலி" என்றால் "திருநெல்வேலியில எங்க?" என்று பேச்சு நீளும், கடைசியில் யாராவது ஒரு சொந்தக்காரர் பொதுவில் கிடைத்துவிடுவார். "பாட்னா" என்று சொல்லிப் பாருங்கள். "ஓ" என்பதோடு நின்றுவிடும். இது எனக்குப் பிடிக்காத சென்னை.

அந்தச் சல்லடையில் தேறிவிட்டால் பிறகு விட மாட்டார்கள். காய்ச்சலில் இரண்டு நாள் கதவைத் திறக்காமல் கிடந்தபோது கீழ்வீட்டு மாமி ஒரு டம்ளர் மிளகு ரசத்தோடு வந்து, "மேல லைட்டே எரியலையேன்னு பாத்தேன். ஒரு குரல் குடுக்கக் கூடாதாடீ?" என்று திட்டிவிட்டுப் போனார். அதே மாமி நான் இரவு எத்தனை மணிக்கு வருகிறேன் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். அது வேண்டுமென்றால் இதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெள்ளத்தை வைத்து இரண்டில் எது உசத்தி என்று சொல்ல முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியபோது, விடிய விடிய நடந்துபோனவர்களுக்கு வழிநெடுகக் குடிசைக்காரர்கள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள்.

வயதானவர்கள் விஷயம்தான் எனக்கு உறுத்தல். சொந்தபந்தத்தை நம்பியே வாழ்ந்த ஊர் சென்னை. அந்தச் சொந்தம் இப்போது அமெரிக்காவில் இருக்கிறது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் எத்தனையோ ஃபிளாட்டுகளில், வாட்டர் கேன் போடும் பையன் வரும் நாளில்தான் மணி அடிக்கிறது. மும்பைக் கிழவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சாயங்காலமானால் சிவாஜி பார்க் கட்டையில், அதாவது மைதானத்தைச் சுற்றி ஓடும் அந்தக் குட்டைச் சுவரில், வரிசையாக உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். அதுவும் போதாதென்றால் சொசைட்டி மீட்டிங் இருக்கிறது. பார்க்கிங்குக்காகச் சண்டை போட்டாவது அடுத்த வீட்டுக்காரர் பேர் தெரிந்துவிடும்.

வேலைக்காகத் தனியாகக் கிளம்பும் பெண் என்னைக் கேட்டால் மும்பை என்பேன். தினமும் ஒரே வண்டி, ஒரே பெட்டி என்று வைத்துக்கொள்ளட்டும். ஒரு மாதத்துக்குள் ஆள் சேர்ந்துவிடும். போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சென்னைதான் வாய்த்தது என்றால், புது அபார்ட்மென்டை விட்டுவிட்டு, வீட்டுக்காரர் கீழே குடியிருக்கும் மாடி போர்ஷனாகப் பார்க்கச் சொல்வேன், கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தேதான்.