நிஜாமாபாத் கறுப்பா, லோங்பி கறுப்பா, எதை வாங்கலாம்?

உத்தரப்பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்து நிஜாமாபாத், மணிப்பூர் உக்ருல் மாவட்டத்து லோங்பி, இந்த ரெண்டு ஊர் கறுப்பு மண்பாண்டமும் போட்டோல பார்த்தா அக்கா தங்கச்சி மாதிரிதான் இருக்கும், ஆனா செய்யற விதம் சுத்தமா வேற.

நிஜாமாபாத்ல சக்கரத்துல வனைஞ்சு, காயவச்சு, கடுகெண்ணெய் தேய்ச்சு, கூரான குச்சியால பூவும் கொடியுமா கீறுவாங்க. அப்புறம் சூளைய காத்து புகாம மூடி சாணம், உமி போட்டு புகைய விடுவாங்க, ஆக்சிஜன் கிடைக்காததால மண்ணுல இருக்கற இரும்பு சிவக்காம கறுத்துடும், கரியும் உள்ள இறங்கிடும். பெயின்ட் ஒரு துளி கிடையாது! நம்ம ஆதிச்சநல்லூர், கீழடி கறுப்பு-சிவப்பு பானையும் இதே சங்கதிதான், கவுத்து வச்சு சுட்டதுல உள்பக்கமும் வாயும் கறுப்பு, காத்து பட்ட வெளிப்பக்கம் சிவப்பு. சுட்டு எடுத்த பிறகு நிஜாமாபாத்காரங்க அந்தக் கீறல்ல பாதரசத்தோட துத்தநாகம், ஈயம் மாதிரி உலோகம் கலந்த பொடிய அழுத்தி தேய்ச்சு துடைப்பாங்க, கறுப்புல வெள்ளிக்கம்பி பதிச்ச மாதிரி மின்னும். 2015ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. அழகுல இதுக்குத்தான் என் ஓட்டு, ஆனா பாதரசமும் ஈயமும் போகற பாத்திரத்துல சாப்பாடு வேண்டவே வேண்டாம், பூ ஜாடியா வைங்க.

லோங்பில சக்கரமே இல்ல. தாங்குல் நாகா மக்கள் செர்ப்பென்டினைட்னு ஒரு கல்ல இடிச்சு பொடியாக்கி, களிமண்ணோட பிசைஞ்சு, தட்டி, அச்சுல வச்சு கையாலயே வடிவம் கொண்டு வருவாங்க. வெட்டவெளியில விறகு அடுக்கி சுட்டு, சட்டி செக்கச்செவேல்னு பழுத்து நிக்கும்போதே கம்பால தூக்கி வெளிய வச்சு அங்க கிடைக்கற ஒரு மர இலைய அது மேல தேய்ப்பாங்க, குப்புனு புகை கிளம்பி அந்தப் பளபளப்பு வரும். கல்லு கலந்திருக்கறதால சூட்டைத் தாங்கும், நேரா அடுப்புல ஏத்தலாம், இறக்கி வச்சப்புறமும் குழம்பு ரொம்ப நேரம் கொதிச்சிட்டே இருக்கும். சமையலுக்குன்னா யோசிக்காம லோங்பிதான், விலை கூட இருந்தாலும் பரவால்ல.

ஒரு கண்காட்சில லோங்பின்னு சொன்னத நம்பி ஒரு சட்டி வாங்கினேன், மூணாவது நாளே அடுப்புல விரிசல் விட்டு பருப்பு பூரா ஸ்டவ்ல. ரொம்ப வேதனையா போச்சு. அப்புறம் உள்ள தடவிப் பார்த்தா சுத்திச் சுத்தி வளையம் வளையமா கோடு, சக்கரத்துல வனைஞ்சதோட தடம் அது. இப்பல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி முதல்ல உள்ள கையவிட்டு தடவித்தான் பார்க்கறேன்.