ஆய்வேட்டை அடுக்கித் தரும் ஒரு தட்டச்சுக் கடை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், மாடிப்படிக்குக் கீழே இரண்டு கணினிகளோடு அந்தக் கடை இருக்கிறது. 1921ஆம் ஆண்டின் சென்னை பக்கிங்காம் கர்நாட்டிக் நெசவாலை வேலைநிறுத்தம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பக்கம் ஒழுங்குபடுத்தி பைண்டிங் செய்வதற்காகவே அங்கே கொடுத்தேன். கடைக்காரரோ பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கேள்வி எந்த இயல்ல இருக்கு?" என்றார்.

மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தில் தொழிலாளர் ஒற்றுமை ஏன் சாதி வழியே பிளந்தது என்பதே என் கேள்வி. அதை ஆராயும் நான்காம் இயல் பதினெட்டுப் பக்கம். ஆலையின் கதையையும் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதையும் சொல்லும் இரண்டாம் இயலோ எழுபத்திரண்டு பக்கம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எடுத்த குறிப்புகளில் ஒன்றையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் அங்கே கொட்டியிருந்தேன். கூலி அட்டவணைகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னார். முன்னாய்வுகளை நூல் வெளிவந்த ஆண்டு வரிசையில் அடுக்காமல், பிளவுக்கு நிர்வாகத்தைக் காரணம் காட்டுவோர், சாதியைக் காட்டுவோர் எனப் பிரித்தால்தான் நான் யாரோடு முரண்படுகிறேன் என்பது தெரியும் என்றார். என் நெறியாளரும் ஓராண்டாக இதையேதான் சொல்லிவந்தார்.

பிறர் எழுத்தை எடுத்தாண்டதைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனைக்காகச் சொற்களை மாற்றித் தருவீர்களா என்று கேட்டவரை அவர் திருப்பி அனுப்பியதையும் கண்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கிலேயே வாரா. ஆகவே சான்றெண் விடுபட்ட இடங்களை மட்டும் எனக்குப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தார்.

குறை எழுத்துருவில் நேர்ந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்த கோப்பை, ஆங்கிலப் பகுதிகளைப் பிரிக்காமல், மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றிவிட்டார்கள். அடிக்குறிப்புகளில் ஆங்கிலத்தில் இருந்த 'மில்' எல்லாம் 'ஆடைட' ஆகிவிட்டது. நெசவாலை ஆய்வில் ஆடை வருவது பொருத்தம்தான் என்றாலும், அவற்றைத் திருத்த எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. கூலியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு ஒன்பது நாளும் ஆயிற்று.

செல்பவர்கள் மூலக் கோப்பின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது அல்ல, முதல் வரைவு முடிந்தவுடனேயே செல்வது நல்லது. மாலையில் அந்தச் சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.